கெல்லியின் பிரான்ஸ் கால ஓவியங்கள்: நேரில் பார்த்தபோது

அமெரிக்க ஓவியர் எல்ஸ்வொர்த் கெல்லி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது, ஒரே நிறத்தில் சுவரை நிறைத்து நிற்கும் அந்தப் பெரிய வளைந்த வடிவங்கள்தான். அவையெல்லாம் அவர் பெயர் வாங்கிய பிறகு வந்தவை. என் மனசு அதற்கு முந்தைய கெல்லியிடம் இருக்கிறது. 1948 முதல் 1954 வரை பிரான்சில் இருந்தவர், முப்பது வயதைச் சுற்றி நின்றவர், தனித்தனி கேன்வாஸ்களைச் சேர்த்து வைத்து ஒரே ஓவியமாக்கியவர்.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமான மோமாவில் 'பெரிய சுவருக்கான வண்ணங்கள்' என்ற 1951ஆம் வருட ஓவியத்தைப் பார்த்தேன். எட்டுக்கு எட்டாக 64 சதுரங்கள். மொத்தமாக 240 செ.மீ. உயரம், அதே அளவு அகலம். புத்தகத்தில் பார்த்தால் கட்டம் போட்டு நிறம் தீட்டிய ஒரு தாள் மாதிரி இருக்கும். அச்சிலும் திரையிலும் முக்கியமான விஷயம் காணாமல் போய்விடுகிறது: ஒவ்வொரு நிறமும் ஒரு தனி கேன்வாஸ்.

கிட்டப் போய்ச் சற்றுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் யாரும் கோடு போடவில்லை. இரண்டு கேன்வாஸ்களின் விளிம்புகள் முட்டி நிற்கின்றன. அந்த இடுக்கில் மயிரிழை அளவுக்கு நிழல் விழுகிறது. கண்ணுக்குக் கோடாகத் தெரிவது அந்த நிழல்தான். வெள்ளைச் சதுரங்களையும் நிறம் போடாமல் விட்ட இடம் என்று நினைக்க முடியாது. அவையும் சட்டத்தில் இழுத்துக் கட்டி, சாயம் பூசிய கேன்வாஸ்கள். சிவப்புக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை வெள்ளைக்கும்.

அந்த நிறங்களில் ஓர் ஒழுங்கு இருக்கும் என்று வரிசை வரிசையாகத் தேடினேன். குறுக்கே பார்த்தேன், மூலைக்கு மூலை பார்த்தேன். பிடிபடவே இல்லை, அதனாலேயே கண் ஓரிடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ஒழுங்கு இல்லாததற்குக் காரணம் உண்டு. பாரிஸ் கடைகளில் விற்ற, பள்ளிப் பிள்ளைகள் ஒட்டி விளையாடும் பசைத் தாள்களைச் சதுரமாக வெட்டி, எது எங்கே வரும் என்பதைத் தற்செயலுக்கு விட்டு அவர் படங்கள் செய்துகொண்டிருந்தார். அவற்றில் மிஞ்சிய துண்டுகளை வைத்து உருவானதுதான் இந்த ஓவியத்தின் மாதிரி. அப்புறம் அந்தத் தாள்களின் நிறத்துக்கே எண்ணெய்ச் சாயத்தைக் கலந்து எடுத்திருக்கிறார். தெற்கு பிரான்சில் சனாரி என்ற கடலோர ஊரில் தங்கியிருந்த சமயம் அது. அதற்கு முந்தைய வருடம் ழான் ஆர்ப் என்ற கலைஞரைச் சந்தித்து, அவருடைய தற்செயல் ஒட்டுப்படங்களைப் பார்த்திருந்தார்.

சான் பிரான்சிஸ்கோவின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் 'சித்தே' (அதுவும் 1951தான்) கனவில் தொடங்கிய ஓவியம். சாரத்தின் மேல் நின்று ஏராளமான குழந்தைகளோடு சேர்ந்து பெரிய சுவர்ச் சித்திரம் தீட்டுவதாகக் கனவு. பாரிஸில் அவர் குழந்தைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலம் என்பதால் அப்படி வந்ததில் ஆச்சரியமில்லை. விழித்ததும் கனவைக் குறித்துவைத்தார். பிறகு தாளில் கறுப்பு மைப் பட்டைகளை இழுத்து, சதுரங்களாக வெட்டி, கலைத்து அடுக்கி, 20 மரப்பலகைகளில் தீட்டினார். ஒரு பலகையில் கிளம்பும் பட்டை விளிம்போடு நின்றுவிடுகிறது. அதன் மிச்சம் வேறெங்கோ இருக்கிறது. மோமா ஓவியத்தைவிட இது எனக்கு ஒரு படி கீழேதான், ஆனாலும் பலகை என்பது அவருக்கு ஏன் தேவைப்பட்டது என்பது இதைப் பார்த்த பிறகுதான் பிடிபட்டது. பலகைகளைத் தனித்தனியாக வைத்ததால்தான் கலைக்க முடிந்தது.

1950இல் இசையமைப்பாளர் ஜான் கேஜுக்கு எழுதிய கடிதத்தில், வீட்டுச் சுவரில் மாட்டி வைக்கும் படங்களில் தனக்கு நாட்டமில்லை, ஓவியமே சுவராக இருக்க வேண்டும் என்ற பொருளில் கெல்லி எழுதியிருக்கிறார். அந்த 64 சதுரங்களுக்கு முன்னால் நிற்கும்போது அது வெறும் பேச்சாகத் தோன்றாது. சட்டகம் கிடையாது, பின்னணி கிடையாது. நிறமே கட்டுமானம். கையில் பெரிதாகக் காசில்லாத, சுவர் கொடுக்க யாருமில்லாத ஓர் இளைஞர் தலைப்பிலேயே 'பெரிய சுவருக்கான' என்று எழுதியிருக்கிறார் என்பது என்னை இன்றைக்கும் அசைக்கிறது. பின்னாளில் அதை மோமாவுக்குக் கொடையாகக் கொடுத்தவரும் அவரேதான்.

பாரிஸின் பொம்பிது மையம் என்ற கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கும் 1949ஆம் வருட 'ஜன்னல்' பற்றியும் ஒரு வார்த்தை. பாரிஸ் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போனவருக்கு, உள்ளே மாட்டியிருந்த படங்களைவிட அந்தக் கட்டடத்தின் ஜன்னல்கள் பிடித்துப்போயின. மேலும் கீழுமாக இரண்டு கேன்வாஸ்களையும் மரச்சட்டங்களையும் இணைத்து அந்த ஜன்னலையே செய்துவிட்டார். கண்ணில் பட்டதை அப்படியே எடுத்துக்கொள்வது அங்கிருந்துதான் அவருக்குப் பழக்கமானது.

'ரயில் நிலக்காட்சி'யும் (1952–53) அப்படி வந்ததுதான். ஓடும் ரயிலிலிருந்து பார்த்த வயல்கள் மூன்று கிடைப்பட்டைகளாக, ஒன்றன் மேல் ஒன்றாக, இரண்டு பச்சையும் ஒரு மஞ்சளும். இதைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். அந்த இரண்டு பச்சைகளும் சந்திக்கும் இடத்தில் இடுக்கு கண்ணுக்குத் தெரிகிறதா, எவ்வளவு தூரம் வரை தெரிகிறது என்பதுதான் நான் தெரிந்துகொள்ள விரும்புவது.