பானை தட்டும் கை இரவில் விறைக்கிறது: அம்மாவுக்கு என்ன செய்யலாம்?

கேள்வி: கொட்டியாரக்கரை

வணக்கம். மூதூர்ப் பக்கத்தில் மூன்று தலைமுறையாகச் சட்டி பானை வனையும் குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்கு 52 வயது. அப்பா சக்கரத்தில் வனைந்து இறக்கும் பானையைப் பாதி உலர்ந்த பதத்தில் எடுத்து, உருண்டைக் கல்லொன்றை இடக்கையால் உள்ளே அணைத்துப் பிடித்துக்கொண்டு, வலக்கைப் பலகையால் வெளியே தட்டித் தட்டி அடியை மூடி எடுப்பது அம்மாவின் வேலை. ஒரு நடுத்தரப் பொங்கல் பானைக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று ஒருநாள் பக்கத்தில் இருந்து எண்ணினேன், 300ஐத் தாண்டியது. ஐப்பசியில் மழை பிடித்துவிட்டால் பானை உலராது, சூளையும் வைக்க முடியாது என்பதால், தைப்பொங்கலுக்குரிய பானைகளை ஆவணி, புரட்டாசியிலேயே செய்து அடுக்கிவிட வேண்டியிருக்கிறது.

இந்த ஆவணி தொடக்கம் அம்மாவின் வலக்கை இரவில் விறைக்கிறது. இரண்டு மணி போல எழுந்து திண்ணையில் உட்கார்ந்து கையை உதறிக்கொண்டே இருப்பார். உதறினால் சற்று இறங்கும், படுத்தால் திரும்ப வரும். போன கிழமை, சக்கரத்திலிருந்து நூலால் அறுத்து எடுத்த சட்டி அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. சட்டி போனதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. “பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரியவில்லை” என்று மட்டும் சொன்னார். இடக்கையில் இருப்பது வேறு விதமான நோவு: பெருவிரலின் அடியில் தொடங்கி மணிக்கட்டின் ஓரமாக மேலே ஏறுகிறது, தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாலே குத்துகிறது. மருந்துக்கடை ஒன்றில் கொடுத்த வலி மாத்திரையை இரண்டு மாதமாகப் போட்டு வருகிறார். அவருக்கு இரத்த அழுத்தமும் உண்டு.

ஊரில் எல்லோரும் வாதம் என்கிறார்கள். இரண்டு கைக்கும் ஒரே வருத்தம்தானா? சத்திரசிகிச்சை செய்தால் மறுபடியும் தட்ட முடியுமா? தொழிலை விடு என்ற பதிலைப் பலரிடம் கேட்டாயிற்று. அதைத் தவிர வேறு வழி தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: உவர்மலை (இயன்மருத்துவப் பிரிவில் பணிபுரிபவர்)

தங்கச்சி, நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இவை இரண்டு வெவ்வேறு வருத்தங்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இரண்டையும் வாதம் என்ற ஒரே சொல்லில் போட்டு ஒரே மாத்திரையைக் கொடுத்ததனால்தான் இரண்டு மாதம் வீணாகியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் வலக்கையைப் பார்ப்போம். இன்றிரவு அம்மா எழும்பும்போது, எந்த விரல்கள் விறைக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேளுங்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை விறைத்து, சின்னவிரல் மட்டும் தெளிவாக இருந்தால், அது பெரும்பாலும் கார்பல் டனல் எனப்படும் வருத்தமாகும். மணிக்கட்டின் உட்புறத்தில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த நாருக்கும் இடையே குறுகலான வழியொன்று உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள் நெருக்கிக்கொண்டு போகின்றன. பலகையை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கி மடக்கித் தட்டும்போது தசைநாண்களின் உறை வீங்குகிறது, வழியோ அகலாது, ஆகவே நசுங்குவது நரம்புதான். சின்னவிரலுக்குப் போகும் நரம்பு அந்த வழியாகப் போவதில்லை என்பதால் அது தப்பிக்கிறது. உறக்கத்தில் நாம் அறியாமலே மணிக்கட்டை மடித்துக்கொள்வதால் உள்ளே அழுத்தம் கூடுகிறது. அதுதான் இரண்டு மணிக்கு எழுப்பி உதற வைக்கிறது.

மாறாக, சின்னவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் விறைத்தால் முழங்கையில் வேறொரு நரம்பு நெரிகிறது என்று பொருள். எல்லா விரல்களும் தோளிலிருந்தே விறைத்தால் கழுத்தைப் பார்க்க வேண்டும். இதனால்தான் மாத்திரையைப் பற்றிக் கேட்கும் முன்னரே விரலைப் பற்றிக் கேட்கிறேன்.

இடக்கைக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்து மற்ற விரல்களால் மூடிக்கொண்டு, மணிக்கட்டை மெதுவாகச் சின்னவிரல் பக்கம் சாய்க்கச் சொல்லுங்கள். மணிக்கட்டின் பெருவிரல் ஓரத்தில் சுளீரென்று இழுத்தால், பெருவிரலைத் தூக்கும் இரு தசைநாண்களின் உறை தடித்திருக்கக்கூடும். இதை 1895ஆம் ஆண்டு விவரித்த சுவிஸ் சத்திரசிகிச்சை நிபுணரின் பெயரால் டி குவெர்வெய்ன் என்பார்கள். அம்மாவின் இடப்பெருவிரல் நாள் முழுவதும் விரிந்து கல்லை அழுத்திக்கொண்டிருப்பதை நினைத்தால் இது வியப்பல்ல. ஆனால் நோவு இன்னும் கீழே, பெருவிரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டிலேயே இருந்து, போத்தல் மூடியைத் திருகும்போது கூடுமானால், அது மூட்டுத் தேய்மானமாகவும் இருக்கலாம். 50 வயதைக் கடந்த பெண்களுக்கு அந்த மூட்டுத் தேய்வது சாதாரணம்.

வலி மாத்திரையை நிறுத்துவது பற்றி உடனே ஒரு வைத்தியரிடம் பேசுங்கள். டைக்ளோஃபெனாக் போன்றவை இரத்த அழுத்தத்தைக் கூட்டும், இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், நசுங்கிய நரம்புக்கோ பெரிதாக ஒன்றும் செய்யா. அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, இரத்தத்தில் சீனியும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சலரோகமும் தைரொயிட் குறைபாடும் கார்பல் டனலைக் கொண்டுவரும் என்பதை நம் ஊரில் பலர் அறியாமலே தொழிலின்மேல் மட்டும் பழியைப் போடுகிறார்கள். பெருவிரலடிச் சதை மற்றக் கையை விட வற்றியிருந்தாலோ, விறைப்பு பகலிலும் நீங்காமல் நின்றாலோ, காத்திருக்க வேண்டாம். வற்றிய சதை சிகிச்சைக்குப் பிறகும் பெரும்பாலும் முழுதாகத் திரும்புவதில்லை.

அதுவரை, மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இரவில் மட்டும் 6 கிழமை கட்டட்டும். இறுக்கிக் கட்டுவது பிழை. ஒரு விரல் உள்ளே நுழையும் அளவு தளர்வு இருக்க வேண்டும். இடக்கைக்குப் பெருவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டை தேவை. சாதாரண மணிக்கட்டுப் பட்டை அதற்கு உதவாது.

பதில்: தம்பலகாமம் வயற்கரை

பிள்ளை, நான் 40 வருடம் சக்கரத்தில் இருந்தவன். மூதூர் இறங்குதுறையிலிருந்து வைக்கோல் பொதிந்த பானைகளை லோஞ்சில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுபோன காலத்திலேயே எனக்குக் கை விறைக்கத் தொடங்கிவிட்டது; அப்போது அதை ஒரு வருத்தமென்றே நான் எண்ணவில்லை. முடிவில் பொத்தானைப் பூட்ட மனைவியைக் கூப்பிட வேண்டிய நிலை வந்த பின்னர்தான் சத்திரசிகிச்சைக்குப் போனேன்.

உள்ளங்கையில் மட்டும் விறைக்க ஊசி போட்டு, விரல் நீளத்துக்கும் குறைவாகக் கீறி, அந்த நாரை வெட்டிவிட்டார்கள். கால் மணித்தியாலத்துக்குள் முடிந்தது, அன்றே வீட்டுக்கு வந்தேன். இரவு விறைப்பு அந்தக் கிழமையே நின்றது. தையல் இரண்டு கிழமையில் எடுத்தார்கள். ஆனால் மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உள்ளங்கையின் இரு மேடுகளிலும், அழுத்தினால் ஒரு நோவு மூன்று மாதம் இருந்தது. மண் பிசையும்போது அழுத்துவது அந்த மேடுகளைத்தான் என்பதால் அவ்வளவு காலமும் நான் மண்ணைக் காலால் மிதித்துப் பதமாக்கினேனே தவிரக் கையால் பிசையவில்லை. நான்காம் மாதம் சக்கரத்துக்குத் திரும்பினேன். வனைய முடிந்தது. ஆனால் பிந்திப் போனதால் சுட்டுவிரல் நுனியில் உணர்வு இன்றும் மந்தம். பானையின் விளிம்பு எவ்வளவு மெல்லிசு என்று அந்த விரல்தான் எனக்குச் சொல்லும், இப்போது நடுவிரலைக் கொண்டு பார்க்கிறேன். அம்மா அந்த அளவுக்குப் போகவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொழிலில் நான் மாற்றியவற்றையும் சொல்கிறேன். தட்டும் பலகையின் பிடி மெல்லியதாக இருந்தால் கை அதை இறுக்கும். பழைய சைக்கிள் டியூப்பை நீளவாட்டில் அறுத்து, பிடி பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் நிறைந்து நிற்கும்வரை சுற்றிக் கட்டுங்கள். இறுக்கம் பாதியாகக் குறையும், அதிர்வையும் ரப்பர் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மண்ணை ஒரு பதம் இளக்கமாக வையுங்கள். பானை உலர்ந்து இறுகிய பின் தட்டினால் இரட்டை அடி வேண்டும், ஆகவே ஒரேயடியாக இருபது பானையை உலரவிட்டுக் கடைசிப் பானையைக் கல்லாக்கிக்கொள்ளாமல், ஐந்தைந்தாக ஈரச்சாக்கு மூடி வைத்து எடுங்கள். தட்டும்போது மணிக்கட்டு ஆடாமல் முழங்கையிலிருந்து கை அசைய வேண்டும். அதற்குப் பானை மடியில் இராமல் இடுப்பளவு உயரத்தில், வைக்கோல் வளையத்தின்மேல் இருப்பது நல்லது. இரண்டு பானைக்கு ஒரு தடவை எழும்பி வேறு வேலை பார்க்கச் சொல்லுங்கள். சட்டியை விளிம்பில் பிடித்துத் தூக்காமல் இரு உள்ளங்கையாலும் அடியில் ஏந்தி எடுக்கப் பழகட்டும்.

பதில்: கோணேசபுரி (சித்த மருத்துவப் பட்டதாரி)

அக்கா, நான் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படித்தவள். வாதம் என்ற சொல்லைப் பற்றி முதல் பதிலில் சொல்லப்பட்ட குறையை ஒரு பகுதி ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் முறையில் வாதம் என்பது ஒரே வருத்தத்தின் பெயரன்று. அதற்குள் பல பிரிவுகள் உண்டு, நாடியும் உடலும் பார்த்தே அது எதுவென்று சொல்ல வேண்டும். கை நொந்தாலே வாதம் என்பது எங்கள் முறைக்கும் செய்யும் அநியாயம்.

இடக்கையின் தசைநாண் நோவுக்கு, வேலை முடிந்த மாலையில் நொச்சி இலை ஒற்றடமும் இதமான எண்ணெய் பூச்சும் ஆறுதல் தரும். வீங்கிச் சிவந்திருக்கும் நாட்களில் அழுத்தி உருவக் கூடாது. வலக்கையில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். விறைத்த விரலுக்குச் சூடு தெரியாது. ஒற்றடப் பொட்டலத்தை அந்தக் கையால் பதம் பார்த்துத் தோல் பொங்கிப்போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய்க் குளித்தால் கை நோவு போகும் என்று நம் பக்கத்தில் பலர் செல்கிறார்கள். அங்கே ஏழு கிணறுகளிலும் சூடு ஒரே அளவாக இல்லை என்பதால், ஊற்றும் முன் மற்றக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்தச் சூடு தசைக்கு இதம் தரும், நசுங்கிய நரம்பை விடுவிக்காது. சூளை பிரிக்கும் நாளிலும் இதே எச்சரிக்கைதான்: சூடான பானையை வலக்கையால் தொட்டுச் சோதிக்கும் பழக்கத்தை அம்மா இப்போதே விட வேண்டும்.

களிமண்ணிலும் தண்ணீரிலும் நாள் முழுதும் கிடக்கும் கையில் தோல் வெடிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தால் இரவில் தேங்காய் எண்ணெய் பூசட்டும், அதற்கு மேல் வேண்டியதில்லை. சலரோகம் இருந்தால் மட்டும் அந்த வெடிப்பையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

கொட்டியாரக்கரை (ஏழு கிழமைக்குப் பின்)

மூவருக்கும் நன்றி. அன்றிரவே விரல் விரலாகத் தொட்டுக் கேட்டேன். சின்னவிரல் தெளிவாக இருந்தது. இரத்தச் சோதனையில், சாப்பிடாமல் எடுத்த சீனி 148 என்று வந்தது. அம்மாவுக்குச் சலரோகம் இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் அதுவரை தெரியாது. வலி மாத்திரையை நிறுத்தி, சீனிக்கு மருந்து தொடங்கியிருக்கிறார்கள்.

இடக்கை டி குவெர்வெய்ன்தான் என்று கிளினிக்கில் சொன்னார்கள். உறைக்குள் ஸ்டீரொயிட் ஊசி போட்டால் சில நாட்களுக்குச் சீனி ஏறும் என்பதால், அது கட்டுப்பாட்டுக்கு வந்த பின் போடுவதாகவும் அதுவரை பெருவிரல் பட்டையோடு இருக்கும்படியும் கூறியிருக்கிறார்கள். வலக்கைப் பட்டையை 6 கிழமையும் ஒரு நாள் தவறாமல் கட்டினார். நாள்தோறும் இரண்டு மணிக்கு எழும்பியவர் இப்போது கிழமையில் ஒரு நாளோ இரண்டு நாளோதான் எழும்புகிறார். விறைப்பு திரும்பக் கூடினால் நரம்புக் கடத்துகைப் பரிசோதனைக்கு அனுப்பி, சத்திரசிகிச்சையைப் பற்றி அப்போது முடிவெடுப்பார்களாம். சதை வற்றவில்லை என்று பார்த்துச் சொன்னது பெரிய ஆறுதல்.

ஐயா சொன்னபடி பலகைப் பிடிக்கு டியூப் சுற்றியது அப்பா. முதல் நாள் அது தன் பலகை மாதிரியே இல்லை என்று அம்மா கழற்றி வைத்துவிட்டார். மூன்றாம் நாள் தானே எடுத்துக் கட்டிக்கொண்டார். இந்தத் தைப்பொங்கலுக்கு வழக்கமான பானைகளில் பாதியைத்தான் அடுக்கியிருக்கிறோம். அடி தட்டும் வேலையில் மீதியை நான் பழகிக்கொண்டிருக்கிறேன்; என் பானைகளின் அடி இன்னும் கோணலாகத்தான் வருகிறது, அம்மா பட்டை கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்து எங்கே தட்ட வேண்டும் என்று சொல்லித் தருகிறார்.