பரணில் இருந்த டிரங்குப் பெட்டி: 31 உருப்படி, எதிலிருந்து ஆரம்பிப்பது?

பொன்மலைக்காரன்:

வணக்கம். திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் வளர்ந்தவன் நான். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பக்கத்து குவார்ட்டர்ஸில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் இருந்தது. அங்கிள் காலமான பிறகு, 1991இல் ஆன்ட்டி பெர்த்தில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். போகும்போது ஒரு டிரங்குப் பெட்டியை அம்மாவிடம் கொடுத்து, "வெச்சிரு, வந்து எடுத்துக்கிறேன்" என்றாராம். வரவில்லை. நாங்கள் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு கே.கே. நகர் வந்தபோது பெட்டியும் கூடவே வந்து பரணில் ஏறிக்கொண்டது. போன மாதம் பரணில் எலி என்று எல்லாவற்றையும் இறக்கினோம். அப்போதுதான் முதல் முறையாகத் திறந்து பார்த்தேன்.

உள்ளே 31 உருப்படி. 13 எல்பி (பெரிய இசைத்தட்டு), 11 சின்னத் தட்டு (நிமிடத்துக்கு 45 சுற்று), ஆறு கனமான 78 ஆர்பிஎம் தட்டு (நிமிடத்துக்கு 78 சுற்று), ஒரு ஸ்பூல் டேப் (சுருளில் சுற்றிய ஒலிநாடா). பெரும்பாலும் ஜிம் ரீவ்ஸ், கிளிஃப் ரிச்சர்ட், சீக்கர்ஸ் என்று காலனியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் கேட்ட குரல்கள். இரண்டு விஷயம்தான் புதிராக இருக்கிறது. ஒன்று, 78 தட்டில் ஒன்று பீட்டில்ஸ். பார்லஃபோன் லேபிள், கல்கத்தா டம் டம்மில் அச்சிட்டது. பீட்டில்ஸ் எப்படி 78இல் வந்தார்கள்? இன்னொன்று அந்த ஸ்பூல். அட்டைப் பெட்டியில் பென்சிலில் "இன்ஸ்டிட்யூட், கிறிஸ்துமஸ் 69" என்று எழுதியிருக்கிறது. அங்கிள் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் ஒரு பேண்டில் பேஸ் கிதார் வாசித்தவர் என்று அம்மா சொல்கிறார்.

பழைய ரெக்கார்டு வாங்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "அத்தனையும் குப்பை சார், மொத்தமா மூவாயிரம் தரேன்" என்றார். குப்பை என்று சொன்னவர் அந்தப் பீட்டில்ஸ் தட்டை மட்டும் மூன்று முறை கையில் எடுத்துப் பார்த்தார். சரி, ஏதோ இருக்கிறது என்று கொடுக்கவில்லை.

விற்கிற எண்ணம் இல்லை. கணினியில் ஏற்றி ஆன்ட்டி குடும்பத்துக்கு அனுப்ப வேண்டும். யுஎஸ்பி வைத்த சூட்கேஸ் பிளேயர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். எல்பி சிலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சை. சர்ஜிகல் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கலாமா? பீட்டில்ஸ் தட்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நினைக்கிறேன்.

---

மூர்மார்க்கெட் மணி:

தம்பி, ஸ்பிரிட் பாட்டிலை மூடி வை. மற்றதை அப்புறம் பேசலாம்.

உன் பெட்டியில் இருக்கும் 78 தட்டுகளில் அது பட்டால் போச்சு. 78 தட்டு அரக்கில் செய்தது. தச்சர் மேஜைக்குப் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார்? ஸ்பிரிட்டில்தான். நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் பெரியப்பாவின் நாடகப் பாட்டுத் தட்டு ஒன்றைத் துடைத்து, துணி கறுப்பாவதைப் பார்த்து "அடேயப்பா, எவ்வளவு அழுக்கு" என்று சந்தோஷமாக இன்னும் அழுத்தித் தேய்த்தேன். அழுக்கு இல்லை, பாட்டு.

பீட்டில்ஸ் 78 உண்மையான சரக்குதான். இங்கிலாந்தில் 1960 வாக்கிலேயே 78 அச்சிடுவது நின்றுபோயிற்று. இங்கே மின்சாரம் இல்லாத ஊர்களில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் டம் டம் ஆலை தொடர்ந்து போட்டது. அப்படித்தான் பீட்டில்ஸின் ஆரம்பப் பாட்டுகள் அரக்குத் தட்டில் வந்தன. உலகம் முழுக்க இதைத் தேடுகிறவர்கள் உண்டு. போலியும் உண்டு. லேபிளில் டி, பி, இ என்ற மூன்று எழுத்தில் தொடங்கும் எண் இருக்கிறதா பார். அந்த ஆள் மூன்று முறை எடுத்துப் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை.

---

ஊசிமுனை (தஞ்சாவூர்):

மணி சொன்னது எல்லாம் சரி. ஆனால் நீங்கள் ஆரம்பிக்க நினைக்கும் இடம் தவறு.

பீட்டில்ஸ் தட்டு அபூர்வம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் அதிலுள்ள பாட்டு அழியப்போவதில்லை. மூல டேப் பத்திரமாக இருக்கிறது, உலகமே கேட்கிறது. நாளைக்கு உங்கள் தட்டு கைதவறி உடைந்தால் நஷ்டம் உங்களுக்கு மட்டும். அந்த ஸ்பூலுக்குப் பிரதியே கிடையாது. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் இப்படி பேண்ட் இருந்தது. ஒரு சிகரெட் கம்பெனி நடத்திய சிம்லா பீட் போட்டியில் தேறி 1970, 71இல் எல்பியில் இடம் பிடித்தவர்கள் கொஞ்சம் பேர். அதில் மெட்ராஸின் கன்ஃப்யூஷன்ஸ் பேண்டும் உண்டு, அதனால் இன்றும் கேட்க முடிகிறது. இன்ஸ்டிட்யூட் மேடைகளில் வாசித்த மற்றவர்கள் காற்றோடு போனார்கள். உங்களிடம் அதில் ஒரு ராத்திரி இருக்கிறது. ஸ்பூலை முதலில் எடுங்கள்.

எடுக்கும் முன் சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். டேப் இரண்டு வகை பிளாஸ்டிக்கில் வந்தது: பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவினால் அசிட்டேட், இருட்டாக இருந்தால் பாலியெஸ்டர். முகர்ந்தும் பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அசிட்டேட் சிதையத் தொடங்கிவிட்டது, தள்ளிப்போடாதீர்கள். பழசாகிப் பிசுபிசுக்கும் டேப்பை ஓவனில் வைத்துச் சுடச் சொல்லி வீடியோக்கள் இருக்கும். அது எழுபதுகள் தொடங்கி வந்த சில பாலியெஸ்டர் டேப்களுக்கான வைத்தியம். அசிட்டேட்டைச் சுட்டால் கதை முடிந்தது. வேகமாக ரீவைண்ட் செய்யவும் வேண்டாம்.

மெஷினில் போட்டதும் யாரோ பாஷை புரியாமல் தலைகீழாகப் பாடுவது கேட்டால் பயப்படாதீர்கள். வீட்டு ரெக்கார்டர்கள் டேப்பின் அகலத்தைப் பாதியாகவோ காலாகவோ பிரித்து இரண்டு திசையிலும் பதிந்தன. மெஷினின் ஹெட் (டேப்பைப் படிக்கும் பாகம்) பொருந்தாவிட்டால் மறுபக்கத்துப் பாட்டு பின்னாலிருந்து முன்னால் ஓடும். அதையும் விடாமல் பதிந்துகொள்ளுங்கள், கணினியில் திருப்பிக்கொள்ளலாம். அப்புறம் ஹெட்டின் சாய்வை அந்தந்த டேப்புக்குத் திருத்த வேண்டும். சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். டிரம்ஸின் சிம்பல் சத்தம் எந்த இடத்தில் பளிச்சென்று வருகிறதோ அங்கே நிறுத்துங்கள். பத்து வினாடி வேலை, பலரும் செய்வதில்லை.

தட்டுகளுக்கு வருவோம். சூட்கேஸ் பிளேயர் வேண்டவே வேண்டாம். அதில் ஊசி ஐந்தாறு கிராம் பாரத்தில் உட்காரும், நல்ல மேக்னெடிக் கார்ட்ரிட்ஜுக்கு (ஊசியைத் தாங்கும் பாகம்) சுமார் இரண்டு கிராம் போதும். 78க்கு ஊசியே வேறு. எல்பி ஊசியின் முனை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் முக்கால் பங்குகூட இருக்காது. 78இன் பள்ளத்துக்கு அதே கணக்கில் ஆயிரத்தில் மூன்று பங்கு வேண்டும். எல்பி ஊசியை வைத்தால் அது அடியில் கிடக்கும் தூசியை உழுதுகொண்டு போகும், உங்களுக்குக் கரகரப்பு மட்டும் கேட்கும். ஒற்றை ஒலித் தட்டாக இருந்தாலும் ஸ்டீரியோவில் பதியுங்கள். பள்ளத்தின் இரண்டு சுவரும் ஒரே மாதிரி தேய்வதில்லை. நல்ல சுவரைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம்.

கழுவ டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டு மைல்டான சோப்பு. குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்பு படியும். லேபிள் நனையக்கூடாது. பூஞ்சைத் தட்டை மொட்டை மாடியில், மாஸ்க் போட்டுக்கொண்டு துடைக்கவும். வீட்டுக்குள் செய்துவிட்டு நான் ஒரு வாரம் இருமினேன்.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் வகை) கோப்பாக வையுங்கள். 40 நிமிட எல்பி சுருக்காமல் கிட்டத்தட்ட 1.4 ஜிபி வரும், ஃபிளாக்கில் அதைவிட நன்றாகவே குறையும். எம்பி3 வேண்டுமானால் அதிலிருந்து ஒரு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கிளிக் சத்தத்தை நீக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். செய்யுங்கள், ஆனால் பிரதியில் செய்யுங்கள். மூலக் கோப்பு கரகரவென்று அப்படியே இருக்கட்டும். இருபது வருடம் கழித்து இதைவிட நல்ல மென்பொருளோடு ஒருவர் வருவார். அவருக்கு நீங்கள் பாலிஷ் போட்டது தேவைப்படாது.

கடைசியாக ஒன்று. யார் வாசித்தார்கள், எங்கே, யார் சொல்லித் தெரிந்தது என்று ஒரு உரைக் கோப்பில் எழுதி கூடவே வையுங்கள். தட்டின் நடுவில், பாட்டு முடிந்த வெற்றிடத்தில் கீறியிருக்கும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஓடுகிற ஸ்பூல் மெஷின் இருக்கிறது. திருச்சியிலிருந்து பஸ்ஸில் வந்துவிடலாம்.

---

கூடுவாஞ்சேரி குமார்:

ஏற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இணையத்தில் போட வேண்டாம். இந்தியாவில் ஒலிப்பதிவின் உரிமை வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1964இல் வந்த தட்டுக்கு அது 2024 முடிவோடு தீர்ந்துவிட்டது என்று ஒருவர் குஷியாகலாம். ஆனால் பாட்டை எழுதியவர் உரிமை தனி, அவர் வாழ்நாளும் அதற்கு மேல் 60 ஆண்டும். பீட்டில்ஸ் பாட்டுகளை எழுதியவர்களில் ஒருவரான பால் மெக்கார்ட்னி நன்றாகத்தான் இருக்கிறார். பிரிட்டனில் ஒலிப்பதிவுக்கே 70 ஆண்டு.

இன்னொன்று, சும்மா ஒரு தகவல்: சீக்கர்ஸில் கிதார் வாசித்த கீத் பாட்கர் கொழும்பில் பிறந்தவர். ஆஸ்திரேலிய நாட்டுப்புறப் பாட்டு என்று நாம் கேட்டதில் நம் பக்கத்துக் கையும் இருந்திருக்கிறது.

---

பொன்மலைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும்.

ஞாயிறன்று ஸ்பூலை எவர்சில்வர் டிபன் டப்பாவில் வைத்துத் துணி சுற்றி தஞ்சாவூர் போனேன். பஸ்ஸில் ஸ்பீக்கருக்குக் கீழே உட்காரக்கூடாது என்று ஊசிமுனை ஐயா போனில் சொல்லியிருந்தார், காந்தமாம். அதனால் பாதி வழி நின்றுகொண்டே போனேன். போன பிறகு, "அவ்வளவு தூரம் பயப்படணும்னு இல்லை தம்பி" என்றார்.

டேப் அசிட்டேட்தான். வாடை லேசாக. இரண்டு இடத்தில் அறுந்தது, அவரே ஒட்டினார். ஐயா சொன்னபடியே ஒரு கட்டத்தில் எல்லாம் தலைகீழாக ஓடியது. திருப்பிப் போட்டால் ஒரு பெண் குரல் ஹவுசி (தம்போலா) எண்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறது. ஆன்ட்டி. அப்போது அவருக்கு முப்பதுகூட ஆகியிருக்காது. பாட்டு மொத்தம் ஒன்பது. டிரம்ஸ் மற்ற எல்லாவற்றையும் அமுக்குகிறது. ஜிம் ரீவ்ஸ் பாட்டு ஒன்றின் நடுவில் வெளியே நீராவி எஞ்சின் ஊதுகிறது, பாடுகிறவர் சிரித்துவிட்டு அடுத்த வரியைத் தவறவிடுகிறார். அந்த ஊதலை மென்பொருளில் எடுத்துவிடலாமா என்று கேட்டேன். ஐயா என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அன்றைக்கே மகளுக்கு அனுப்பினேன், "அங்கிள் பேஸ் வாசிக்கிறார்" என்று குறிப்போடு. இரண்டு நாள் கழித்து வாட்ஸ்அப்பில் ஆன்ட்டியே பேசினார். முதலில் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். அப்புறம் சொன்னார்: "அது அவர் இல்லப்பா. அன்னிக்கு அவருக்கு நைட் ஷிஃப்ட். எஞ்சின் ஷெட்டுல இருந்தார். ஊதினதே அவராத்தான் இருக்கும், ஒன்பது மணிக்கு ஊதறேன்னு சொல்லிட்டுப் போனார்."

பேஸ் வாசித்தவர் யார் என்றும் சொன்னார். உரைக் கோப்பில் அந்த வரியைத் திருத்தி, எஞ்சினுக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

பீட்டில்ஸ் தட்டு இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. 78 ஊசி வந்ததும் எழுதுகிறேன்.