[கலைச்சொல்] ‘எக்ஸ்ப்ளோடட் வியூ’வுக்கு ஆயுத பூஜைக்குள் ஒரு சொல் வேண்டும்

சங்ககிரி லாரிக்காரர்:

குழுவினருக்கு வணக்கம்.

அப்பா ஓட்டிய டாட்டா 1210 ஒன்று எங்கள் ஷெட்டில் நிற்கிறது. லைனுக்கு அனுப்புவதில்லை, உள்ளூர் நடை மட்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே பிரித்து நானே மாட்டுகிறேன். ஐடிஐயில் டீசல் மெக்கானிக் படிக்கிற பையன்கள் நாலைந்து பேர் கூட வருவார்கள். கையில் இருப்பது ஜெராக்ஸ் எடுத்த ஒர்க்‌ஷாப் மேனுவலும் பார்ட்ஸ் கேட்டலாக்கும். இரண்டும் ஆங்கிலம். பையன்களுக்காகத் தமிழில் 40 பக்கத்துக்கு ஒரு கையேடு எழுதி, படமும் நானே வரைந்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு முன் அச்சுக்குப் போக வேண்டும்.

இடிப்பது ஒரே ஒரு சொல். ஹப்பின், அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியின், பாகங்களை எல்லாம் கழற்றுகிற வரிசையில், ஒரே கோட்டில், அந்தரத்தில் மிதக்கிற மாதிரி வரைந்திருப்பார்களே, அந்தப் படத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

இது எனக்குச் சும்மா சந்தேகம் இல்லை. போன வருசம் இடது முன்சக்கர ஹப்பைக் கழற்றி கிரீஸ் வைத்தேன். மேனுவல் வீட்டில், நான் ஷெட்டில். எத்தனை தடவை கழற்றியாச்சு என்ற தைரியத்தில் ஆயில் சீலை (கிரீஸ் வெளியே கசியாமல் தடுக்கும் வளையம்) ஞாபகத்தில் அடித்து இறக்கினேன். சீலின் உதடு கிரீஸ் இருக்கும் பக்கம் பார்க்க வேண்டும். நான் வைத்தது நேர் எதிர். பத்து நாளில் கிரீஸ் கசிந்து பிரேக் லைனிங்கில் ஏறிவிட்டது. பிரேக் மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கிறது. மேனுவலில் அந்தப் பக்கத்தை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும், உதடு எந்தப் பக்கம் என்று படத்திலேயே தெளிவாக இருக்கிறது. அதனால்தான் பையன்களிடம் ‘முதலில் அந்தப் படத்தைப் பாருங்கடா’ என்று சொல்ல ஒரு பேர் வேண்டும்.

கோவை, எந்திர வரைபடம் நடத்துபவர்:

நல்ல கேள்வி. வகுப்பில் நான் ‘விரிபடம்’ என்று சொல்லி வருகிறேன். அச்சுக்கோட்டின் வழியே பாகங்களை விரித்துப் போடுகிறோம், ஆகவே விரிபடம். பழைய உத்திதான். லியொனார்டோ டாவின்சி 15ஆம் நூற்றாண்டிலேயே பாரந்தூக்கும் பொறி ஒன்றை ஒரு பக்கம் முழுதாகவும் பக்கத்தில் பாகம் பாகமாகவும் வரைந்து வைத்திருக்கிறார்.

ஈரோடு, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

விரிபடம் என்றதும் எனக்கு நாகப்பாம்புதான் தெரிகிறது, ஐயா. படம் என்றால் பாம்பின் படமும்தான். பாம்பு படம் விரித்தது என்று எழுதிப் பழகிய கை இது. தவிரவும், போனில் ‘வரைபடம் பாரு’ என்றாலும் ‘விரிபடம் பாரு’ என்றாலும் ஒன்றாகவே கேட்கும்.

தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு தொடர் இருக்கிறது. ‘அக்கு வேறு ஆணி வேறாக’. நம் லாரிக்காரர் விவரிக்கும் படம் அச்சு அசல் அதுதானே? ‘அக்குப்படம்’ என்று வைக்கலாம்.

அக்கு என்பதே அச்சுதான் என்பது என் துணிபு. வண்டியில் அச்சையும் கடையாணியையும் தனித்தனியாக எடுத்துவிட்டால் அப்புறம் வண்டி ஏது? அச்சு வேறு ஆணி வேறு என்பது வாயில் புழங்கி அக்கு வேறு ஆணி வேறு ஆயிற்று. ‘உருள்பெருந்தேர்க்கு அச்சாணி அன்னார்’ என்று வள்ளுவர் சொன்ன அதே அச்சு, அதே ஆணி.

தாராபுரம்:

மறுக்கிறேன். அக்கு என்றால் துண்டு, கூறு. ‘அக்கக்காகப் பிரித்தான்’ என்கிறோமே, அங்கே எந்த அச்சு வந்தது? அச்சு அச்சாகப் பிரித்தான் என்று யாராவது சொல்வார்களா? போதாக்குறைக்கு, அச்சுக்கும் வடமொழி ‘அக்ஷ’த்துக்கும் முடிச்சுப் போட ஒரு கூட்டம் காத்திருக்கிறது. புலவர் ஐயாவே அவர்களுக்குக் கதவைத் திறந்துவிட வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். ஹப்பு, பேரிங், ஆயில் சீல், லைனிங் என்று எழுதிவிட்டுப் படத்துக்கு மட்டும் தூய தமிழ் தேடுவது, கோவணத்துக்குச் சரிகைக் கரை வைப்பது போல. ஹப்புக்கு ‘குடம்’ என்ற சொல் நம் மாட்டுவண்டியில் இருக்கிறது. குடம், ஆரக்கால், வட்டை, கடையாணி. எல்லாம் இங்கே தச்சர்கள் வாயில் இருந்த சொற்கள். அவற்றைக் கையேட்டில் ஏற்றுங்கள்.

நாமக்கல், பாடி கட்டும் பட்டறை:

ஏனுங்க, குடத்தைக் கழட்டுன்னு சொன்னா எங்க பையன் தண்ணித் தொட்டிப் பக்கம் போவானுங்க. கடைல போயி ‘முன்சக்கரக் குடம் ஒண்ணு குடுங்க’ன்னு கேட்டுப் பாருங்க. பார்ட்ஸ் நம்பர் கேப்பாங்க, அதுவும் இங்கிலீஷ்லதான் இருக்கும்.

ஈரோடு:

குடம் என்றதும் நினைவுக்கு வருகிறது. சங்க இலக்கியத்தில் தேர்ச்சக்கரத்தின் அந்த நடுப்பகுதிக்குக் ‘குறடு’ என்று பெயர். இன்றைக்குக் குறடு கொண்டுவா என்றால் கட்டிங் பிளேயர் வரும்!

அச்சைப் பற்றி இன்னும் ஒன்று. புறநானூறு 102இல் ஔவையார் பொகுட்டெழினியைப் பாடும்போது உமணர் வண்டியைச் சொல்கிறார். உப்பு ஏற்றிய வண்டி. மேட்டிலும் பள்ளத்திலும் என்ன ஆகுமோ என்று கீழ்மரத்தில் இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். அதியமான் மகனை அந்தச் சேம அச்சு போன்றவன் என்கிறார். அவர்களுடைய தகடூர், இன்றைய தருமபுரி, நமக்கு எட்டும் தூரம்தான். லாரிக்கு அடியில் ஸ்டெப்னி மாட்டும் ஊர்க்காரர்களுக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

கோவை:

ஸ்டெப்னி என்பதே ஒரு தெருவின் பெயர், தெரியுமா? வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெரு. 1904 வாக்கில் அங்கேதான் அந்த மாற்றுச் சக்கரத்தை உருவாக்கினார்கள். இங்கிலாந்திலேயே பெரும்பாலும் மறந்துபோன சொல் நம் பஞ்சர் கடையில் சௌக்கியமாக இருக்கிறது. ‘சேமச் சக்கரம்’ என்று நாம் அப்போதே வைத்திருந்தால்…

பொள்ளாச்சி, ஐடிஐ பயிற்றுநர்:

இழை பழனி போகிற பஸ்ஸில் ஏறி உடுமலையில் இறங்கி நிற்கிறது. எல்லோரும் கொஞ்சம் திரும்பி வாருங்கள். ஆயுத பூஜைக்கு இன்னும் 12 நாள்தான். யாராவது ‘பழையன கழிதலும்’ என்று தொடங்கினால் நான் குழுவை விட்டே விலகிவிடுவேன்.

என் முன்மொழிவு ‘வெடிபடம்’. சிரிக்காதீர்கள். ஆங்கிலத்தைப் பார்த்து அப்படியே பெயர்த்ததாக நினைப்பீர்கள். நான் சொல்வது பட்டாசு வெடி இல்லை, பருத்தி வெடி. காட்டில் பருத்தி வெடித்திருக்கிறது என்றால் யாரும் ஓட மாட்டோம். காய் நாலாகப் பிளந்து, சுளை சுளையாக வெளியே தள்ளி, ஆனால் ஒன்றும் கீழே விழாமல் அந்தந்த இடத்திலேயே நிற்கும். ஹப்புப் படம் அப்படித்தானே இருக்கிறது? சீல், உள் பேரிங், ஹப்பு, வெளிப் பேரிங், நாக்கு வாஷர், நட்டு, ஸ்ப்ளிட் பின், மூடி, எல்லாம் வெளியே வந்து நிற்கின்றன, எதுவும் சிதறவில்லை.

நாமக்கல்:

அம்மா சொல்றது கேக்க நல்லாத்தானுங்க இருக்கு. ஆனா இந்தப் பக்கம் கல்குவாரி நெறைய. டீசல் டேங்க் படத்துக்குக் கீழ ‘வெடிபடம்’னு போட்டா ஒருத்தனும் கிட்ட வர மாட்டான். ‘பிரிச்ச படம்’னு போடுங்க, வேலை முடிஞ்சது.

சங்ககிரி:

பிரித்த படம் என்று எழுதினால் ‘படத்தைப் பிரித்த’ மாதிரி, யாரோ கிழித்தது போல இருக்கிறது. ‘பிரிபடம்’ என்று இறுக்கிச் சொல்லலாமா?

தாராபுரம்:

பிரிபடம் என்றால் எது பிரிகிறது? படமா, பாகமா? பொருள் தடுமாறுகிறது.

ஈரோடு:

வினைத்தொகை, ஐயா. குடிநீர் என்கிறோம், நீரா குடிக்கிறது? ஆடுகளம் என்கிறோம், களமா ஆடுகிறது? பிரித்த, பிரிக்கின்ற, பிரிக்கும் என்று மூன்று காலமும் அதற்குள் அடங்கும். மெக்கானிக்குக்கு மூன்றும் வேண்டியதுதான். ஒன்று மட்டும் கவனம், ஒற்று மிகாது. பிரிபடம். ‘பிரிப்படம்’ என்று எழுதினால், பெருந்துறைக்குப் பக்கத்து விசயமங்கலத்தோடு நன்னூல் பவணந்தியாரைச் சேர்த்துச் சொல்கிற வழக்கம் உண்டல்லவா, அந்தப் பக்கமாகப் போகும்போது தலை குனிந்து போக வேண்டி வரும்.

ஆனாலும் அக்குப்படத்தை நான் கைவிடவில்லை.

கோவை:

பிரிபடத்தில் எனக்கு ஒரு குறை. இது பிரிப்பதற்கான படம் மட்டும் இல்லை, பூட்டுவதற்கான படமும். பிரிப்பதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். எங்கள் ஊர் ஜி.டி. நாயுடு, 1920இல் பொள்ளாச்சி–பழனி தடத்தில் பஸ் விட்டவர், அதற்கு முன்பே ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துத் திரும்ப மாட்டித்தான் தொழில் கற்றார் என்பார்கள். பெருமை அந்தத் திரும்ப மாட்டியதில்தான்.

சங்ககிரி:

அது உண்மை. போன ஞாயிறு அதே ஹப்பைப் பையன்களை விட்டே மாட்டச் சொன்னேன். படத்தை பானெட்டில் ஒட்டிவிட்டோம். ஒருவன் விரலை வைத்து இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போகிறான், இன்னொருவன் எடுத்துக் கொடுக்கிறான். ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சுற்ற முடியாமல் பிடித்ததும் கொஞ்சம் தளர்த்தி, நட்டின் பள்ளமும் அச்சின் துளையும் நேராக வந்ததும் ஸ்ப்ளிட் பின்னைச் செருகினார்கள். அந்தப் பின்னைப் பார்த்ததும் எனக்குப் புலவர் ஐயாதான் நினைவுக்கு வந்தார். கடையாணியேதான், கொஞ்சம் சின்னது.

படத்தை அவர்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று காது கொடுத்துக் கேட்டேன். ‘வரிசை’ என்றார்கள். “டேய், வரிசையப் பாரு, வாஷர் முன்னாடியா பின்னாடியா?” அவ்வளவுதான்.

பொள்ளாச்சி:

‘வரிசைப்படம்’! இத்தனை நாள் எங்கே போயிருந்தோம்?

தாராபுரம்:

திருமண ஆல்பத்துக்கும் அதே பெயர் வைக்கலாம்.

சங்ககிரி:

அச்சகத்திலிருந்து மூன்றாம் முறை போன் வந்துவிட்டது. பிரிபடத்துக்கு நாலு பேர், வெடிபடத்துக்கு ஒருவர், அக்குப்படத்துக்கு ஒருவர். நாமக்கல் அண்ணன் ‘எதையாவது போடுங்க’ என்று தனி மடலில் சொன்னதைப் பிரிபடக் கணக்கில் சேர்த்திருக்கிறேன். தலைப்பில் ‘பிரிபடம்’, முதல் முறை வருமிடத்தில் மட்டும் ‘பாகங்களைப் பிரித்து வரிசையாகக் காட்டும் படம்’ என்று ஒரு வரி. ஹப்பு ஹப்பாகவே இருக்கும், தாராபுரத்தார் பொறுத்துக்கொள்ள வேண்டும். மெய்ப்பு இணைப்பில்.

தாராபுரம்:

குடத்தைக் கைவிட்டதற்கு என் எதிர்ப்பு பதிவாகட்டும்.

மெய்ப்பு பார்த்தேன். 14, 17, 22 ஆகிய பக்கங்களில் ‘பிரிப்படம்’ என்று இருக்கிறது. மூன்று இடத்திலும் ‘ப்’பை எடுக்கவும். 22ஆம் பக்கத்துப் படத்தில் ஆயில் சீலின் உதடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதையும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள், எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது.