புதுப்பிப்பு: வீட்டிலிருந்தே பத்தாவது, மகள் தேறிவிட்டாள்
ஒன்பதாவதோடு மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டோம், பத்தாவதை வீட்டிலிருந்தே எழுத வைக்க முடியுமா என்று போன வருடம் பயந்துபோய்க் கேட்டிருந்தேன். முடிந்தது! என்.ஐ.ஓ.எஸ். எனும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக ஏப்ரலில் ஐந்து பாடங்கள் எழுதினாள். நான்கில் தேறினாள், கணிதம் போய்விட்டது. அன்று இரவு அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன். ஆனால் தேறிய நான்கும் அப்படியே கணக்கில் இருக்கும். பதிவு ஐந்து வருடம் செல்லும், தேர்வெழுத ஒன்பது வாய்ப்பு உண்டு. தினமும் காலையில் அப்பாவும் மகளுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். அக்டோபரில் அதை மட்டும் எழுதி 61 வாங்கினாள்.

அப்புறம், டி.எம்.ஏ. எனும், வீட்டில் எழுதிக் கொடுத்தால் ஆசிரியர் திருத்தி மதிப்பெண் போடும் ஒப்படைப்புகளைத் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம் அதில்தான் இருக்கிறது. எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளை நினைத்துத் தூக்கம் வராமல் கிடக்கும் பெற்றோரே, தைரியமாக இருங்கள். என் மகள் அடுத்து பன்னிரண்டாவதுக்கு உயிரியலோடு ஓவியமும் எடுக்கப்போகிறாள்.