அலாய் வீலில் இரண்டு நிற பவுடர் கோட்டிங்: இரண்டாம் நிறம் மட்டும் சொதப்புகிறது

கருஞ்சக்கரம்:
வணக்கம். கார் வீல்களுக்கு நானே பவுடர் கோட்டிங் (மின்னேற்றிய பெயிண்ட் தூளை ஸ்ப்ரே கன்னால் அடித்து, ஓவனில் உருக்கி இறுக வைப்பது) செய்கிறேன். ஸ்போக் எல்லாம் மேட் கறுப்பு, வெளி விளிம்பு மட்டும் வெண்கல நிறம் என்று திட்டம். கறுப்பை அடித்து 200 டிகிரியில் முழுதாகச் சுட்டேன், அருமையாக வந்தது. ஆறியதும் பச்சை பாலியெஸ்டர் டேப்பால் ஸ்போக்குகளை மறைத்து, விளிம்பில் வெண்கலம் அடித்து, டேப்போடு ஓவனில் வைத்தேன். ஆற வைத்து டேப்பை உரித்தால் ஓரம் சில்லு சில்லாகப் பிய்கிறது. அது போக, வெண்கலம் முழுக்க ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கிறது, ஸ்போக் வந்து சேரும் மூலையில் பவுடர் பிடிக்கவே இல்லை. கன் செட்டிங் இரண்டு நிறத்துக்கும் ஒன்றுதான். எங்கே பார்க்க வேண்டும்?

ஓவன்வாசி:
ஓரம் பிய்வதற்குக் காரணம் டேப்பை எடுத்த நேரம். முழுதாகச் சுட்டால் டேப் மேலும் வீல் மேலும் ஒரே தோலாக இறுகிவிடும், பிறகு அதைக் கிழிக்கத்தான் முடியும். பவுடர் உருகி ஈரம் போலப் பளபளக்கத் தொடங்கியதும் வீலை வெளியே எடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, இடுக்கியால் டேப் நுனியைப் பிடித்து, பின்னோக்கி மடித்தபடி மெதுவாக இழுங்கள். பிறகு மறுபடி ஓவன், முழு நேரம். ஏற்கெனவே சுட்டுவிட்ட வீல் என்றால் இழுக்கும் முன் கோட்டின் மேல் பிளேடால் லேசாகக் கீறிக்கொள்ளுங்கள்.

தூள்மணி:
நான் ஓவனில் வைக்கும் முன்பே, பவுடர் வெறும் தூளாக இருக்கும்போதே டேப்பை எடுத்துவிடுவேன். கொஞ்சம் தூள் கறுப்பில் உதிரும், உலர்ந்த மெல்லிய பிரஷால் தட்டிவிட்டால் போதும். ஆனால் கை நடுங்கினால் கதை முடிந்தது. புதிதாகச் செய்கிறவருக்கு ஓவன்வாசி சொன்னதே நல்லது.

இப்போது ஆரஞ்சுத் தோலுக்கு வருகிறேன். கறுப்பு அடிக்கும்போது அடியில் வெற்று உலோகம் இருந்தது, பவுடர் கொண்டுவந்த மின்னேற்றம் அதன் வழியாக எர்த்துக்கு இறங்கியது. இப்போது அடியில் இருப்பது 60 முதல் 80 மைக்ரான் வரை பிளாஸ்டிக் போன்ற படலம். அதன் மேல் மின்னேற்றம் தேங்கி, பின்னால் வரும் பவுடரை விரட்டுகிறது. அளவு மீறினால் படலத்துக்குள்ளேயே பொறி பறந்து சின்னச் சின்னக் குழிகள் விழும். சுட்டபின் அதுதான் ஆரஞ்சுத் தோல். முதல் கோட்டுக்கு 70 கிலோவோல்ட் வைத்திருந்தால் இரண்டாவதற்கு 40 பக்கம் இறக்குங்கள், கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள், மெல்லிசாக அடியுங்கள்.

மூலை வேறு விஷயம். மின்புலம் மேடான இடத்தை நாடும், குழிக்குள் இறங்காது. வோல்ட்டைக் குறைத்தாலே பாதி சரியாகும். காற்றழுத்தத்தையும் குறைத்து, மூலைகளை முதலில் அடித்துவிட்டு அப்புறம் மேட்டுக்கு வாருங்கள். வீலைச் சூடாக்கி அடித்தால் பவுடர் பட்டதும் உருகி மூலையிலும் ஒட்டும், மறுக்கவில்லை. ஆனால் கனம் சட்டென்று ஏறிவிடும்.

எர்த் எப்படிக் கொடுக்கிறீர்கள்?

கருஞ்சக்கரம்:
வீல் போல்ட் துளையில் கொக்கியை மாட்டித் தொங்கவிடுகிறேன், எர்த் கம்பி கொக்கியில். கறுப்புக்கும் அப்படித்தான்.

தூள்மணி:
கறுப்பின்போது துளை வெறும் உலோகம். இப்போது துளைக்குள் கறுப்பு ஏறியிருக்கும். மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், கொக்கிக்கும் வீலுக்கும் தொடர்பே இருக்காது. நடுத் துளையின் உள்பக்கத்தைச் சுரண்டி அங்கே எர்த் கொடுங்கள்.

இன்னொன்று, இது நிறத்தைவிட முக்கியம்: நட்டு உட்காரும் இடத்திலும் ஹப்போடு (வீலை மாட்டும் அச்சு முனை) சேரும் பின்முகத்திலும் பவுடர் இருக்கவே கூடாது. ஓட்ட ஓட்ட அந்தப் படலம் நசுங்கி நட்டு தளரும். அங்கே இருப்பதைச் சுத்தமாக எடுத்துவிடுங்கள். அடுத்த முறை அடிக்கும் முன்பே சிலிக்கோன் அடைப்பான் போடுங்கள்.

ஈரப்பெயிண்ட்:
விளிம்புக்கு மட்டும் இரண்டாம் நிறம் என்றால் சாதாரண ஸ்ப்ரே பெயிண்ட், மேலே க்ளியர் (நிறமில்லாத பூச்சு) போதும். இவ்வளவு பாடு எதற்கு?

ஓவன்வாசி:
கல் அடி படுவதே விளிம்பில்தான். அங்கே பெயிண்ட் பவுடர் அளவுக்குத் தாங்காது.

கருஞ்சக்கரம்:
கறுப்பு முழுதாக வெந்துவிட்டதே, அதன் மேல் வெண்கலம் பிடிக்குமா? திரும்பத் திரும்பச் சுட்டால் அலாய்க்குக் கெடுதல் இல்லையா?

ஓவன்வாசி:
மீதி வீல்களுக்குக் கறுப்பைப் பாதி நேரம் மட்டும் சுடுங்கள். இரண்டும் சேர்ந்து வேகும்போது பிணைப்பு பலமாக இருக்கும். வெந்துவிட்டதை 400 நம்பர் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். வெண்கலம் வரும் இடத்தை மட்டும்; மேட் கறுப்பில் தேய்த்த தடம் மறையாது.

சூட்டைப் பற்றிய பயம் நியாயம்தான். வார்ப்பு வீல்கள் பெரும்பாலும் ஏ356 என்ற அலுமினியக் கலவை, டி6 எனும் வெப்பப் பதத்தால் பலமூட்டியது. 200 டிகிரியில் இருக்கும் நேரம் கூடக் கூட பலம் குறையும். அதனால் சுடும் தடவைகளைக் குறையுங்கள், 200ஐத் தாண்டாதீர்கள். உலோகமே அந்தச் சூட்டுக்கு வந்தபின்தான் நேரத்தை எண்ண வேண்டும். தடித்த நடுப்பகுதி கடைசியில்தான் சூடேறும்.

கருஞ்சக்கரம்:
ஒரு வீலில் செய்து பார்த்தேன். மீட்டர் தொடர்பே காட்டவில்லை, தூள்மணி சொன்னது சரி. சுரண்டி எர்த் கொடுத்து 40க்கு இறக்கியதும் வெண்கலம் வழவழப்பாக உட்கார்ந்தது, மூலையும் மூடியது. டேப்பை உருகிய நிலையில் எடுத்தேன், கோடு சுத்தம். ஸ்போக் அடியில் வளைவு வரும் இடத்தில் மட்டும் டேப் தூக்கிக்கொண்டு வெண்கலம் உள்ளே புகுந்துவிட்டது.

தூள்மணி:
அகல டேப் வளையாது. அதே வகையில் 3 மி.மீ. டேப் வாங்கி முதலில் வளைவை மட்டும் வரைந்துகொள்ளுங்கள், அகலமானதை அதன் மேல் ஒட்டுங்கள். பவுடர் அடிக்கும் முன் ஓரம் முழுக்க நகத்தால் ஒரு தடவை அழுத்திவிடுங்கள்.