பர்மா தடையை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பருப்புமண்டி:
2009-இல் உளுந்து பார்க்க முதல் தடவையாக ரங்கூன் போனேன். ராணுவ ஆட்சி மீது அமெரிக்கா போட்ட தடையால் அங்கே எந்த கார்டும் எடுபடாது, டாலராகக் கையில் கொண்டு போ என்று மண்டியில் சொல்லி அனுப்பினார்கள். நோட்டில் மடிப்பு இருக்கக் கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. மொகல் தெருவில் பணம் மாற்றுகிறவர் என் நூறு டாலரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், நடு மடிப்பை நகத்தால் தடவினார், தலையாட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அரசாங்க ரேட் டாலருக்கு 6 கியாட் சொச்சம். தெருவில் ஆயிரத்தை ஒட்டி! அந்த 6 கியாட் ரேட்டு யாருக்கு என்று கேட்டேன். சிரித்தார்.

எங்கள் புரோக்கர் அங்கேயே பிறந்த தமிழர். சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் மனைவி ரங்கூன் ஓரத்தில் ஃபாக்டரிகள் இருக்கிற லைங்தாயாவில் சட்டை தைக்கும் கம்பெனியில் இருந்தவர். 2003-இல் அமெரிக்கா பர்மா சரக்கை மொத்தமாக நிறுத்தியதும் ஆர்டர் போச்சு, கம்பெனியும் மூடியாச்சு. நான் போனபோது வாசலில் மெஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கு லுங்கி மூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். "சூச்சி அம்மாவே தடை வேணும்னாங்க. அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனா அந்த மாசம் சம்பளம் வரலையே தம்பி" என்றார்.

புரோக்கருக்குத்தான் கோபம். 1997-இல் அமெரிக்கா தடுத்தது புது முதலீட்டை மட்டும். ஏற்கெனவே உள்ளே இருந்த கம்பெனிகள் கடலில் இருக்கிற யாதனா வயலின் எரிவாயுவை (கேஸ்) எடுத்துக் குழாயில் தாய்லாந்துக்கு அனுப்பிக்கொண்டே இருந்தன, ராணுவத்துக்குக் காசு வந்துகொண்டே இருந்தது. "சட்டைக்குத் தடை, கேஸுக்கு இல்லையா?" என்றார். அன்றிலிருந்து தடை என்றாலே நான் எதிர்க்கட்சி.

தெம்பனீஸ்வாசி:
அண்ணே, நான் பார்த்தது நேர் எதிர். சிங்கப்பூரில் என் ஷிஃப்டில் ஒரு பர்மாப் பையன், சகாய்ங் பக்கம் ஊர். 2023-இல், வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் சம்பளத்தில் 25 சதவீதத்தை பாங்க் வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று ராணுவம் சட்டம் போட்டது. அவன் முடிந்தவரை பாங்குக்கு வெளியே, ஆள் மூலம் பணம் போகிற உண்டியலில்தான் அனுப்புவான். அதே வருஷம் ஜூனில் அவர்களுடைய அரசு வெளிநாட்டு வர்த்தக வங்கியை அமெரிக்கா தடை செய்தபோது எங்கள் எல்லோருக்கும் தே தாரே (ஆற்றிய பால் டீ) வாங்கிக் கொடுத்தான். "அம்மாவுக்கு மருந்து விலை ஏறுமேடா" என்றேன். "ஏறியாச்சு. ராணுவம் குண்டு போடுற விமானத்துக்கும் எண்ணெய் டாலர்லதான் வாங்கணும்" என்றான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

பருப்புமண்டி:
அந்தப் பையனிடம் எனக்கு வாதம் கிடையாது; குண்டு விழுவது என் ஊரில் இல்லை. கேஸ் பணத்தில் கை வைத்தார்களா?

தெம்பனீஸ்வாசி:
2023 டிசம்பரிலிருந்து அவர்களுடைய அரசு எண்ணெய்-கேஸ் கம்பெனிக்கு அமெரிக்கர்கள் பணச்சேவை எதுவும் தரக் கூடாது.

பருப்புமண்டி:
உளுந்து ரேட் கேட்க போன் போட்டபோது புரோக்கரிடம் இதைச் சொன்னேன். "தாய்லாந்துக் குழாயை மூடிட்டாங்களா?" என்றார். இல்லை என்றேன். சரி என்று எஸ்.க்யூ. (உயர்தர உளுந்து) ரேட்டைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.