தரகர் கிளாஸ்: அப்ஸ்ட்ராக்டா வேணுமா, இன்டர்ஃபேஸ் போதுமா?

இலைக்கடை_நிரலர்
வணக்கம். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு ஆர்டர் சிஸ்டம் எழுதிக்கிட்டு இருக்கேன். பரிமாறுறவங்க கையில் 9 ஹேண்ட்போன், அடுப்படியில் 2 திரை, கவுண்டரில் 1. எல்லாம் வெப்சாக்கெட் (ரெண்டு பக்கமும் செய்தி அனுப்பிக்க திறந்தே இருக்கிற இணைப்பு) வழியா ஒரே சர்வரோட இணைஞ்சிருக்கும். ஜாவாவில் ‘தரகர்’னு ஒரு அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ், அதாவது பாதி எழுதி மீதியைப் பிள்ளை கிளாஸுக்கு விட்ட கிளாஸ். சேர், விலகு, எல்லாருக்கும் அனுப்பு, இந்த மூணும் அதிலேயே இருக்கு. வந்த செய்தி யாருக்குப் போகணும்ங்கிறது மட்டும் அப்ஸ்ட்ராக்ட் மெத்தட் (பேர் மட்டும் உள்ள வேலை). அதை எழுத அடுப்படித் தரகர், கவுண்டர் தரகர்னு ரெண்டு பிள்ளை கிளாஸ். கூட வேலை செய்யுற நண்பர் பார்த்துட்டு, “இன்டர்ஃபேஸ் போதுமே, எதுக்கு இந்தப் பரம்பரை?”ன்னு கேக்குறார். (இன்டர்ஃபேஸ்னா என்னென்ன மெத்தட் வேணும்னு சொல்ற ஒப்பந்தம்; பரம்பரைன்னா அப்பா கிளாஸில் இருக்கிறதைப் பிள்ளை கிளாஸ் வாங்கிக்கிறது.) யார் பக்கம் நியாயம்?

பட்டர்வொர்த்வாசி
நண்பர் பக்கம். நீங்கள் எழுதியிருப்பது மீடியேட்டர் பேட்டர்ன், அதாவது நேராகப் பேசாமல் ஒரு தரகர் வழியாகப் பேசும் அமைப்பு. 1994இல் நான்கு பேர் எழுதிய ‘டிசைன் பேட்டர்ன்ஸ்’ புத்தகத்தில் இருக்கிற 23 பேட்டர்னில் ஒன்று. எல்லாரும் ஒரே தரகரோடுதான் பேசுவார்கள் என்றால் அப்ஸ்ட்ராக்ட் தரகர் தேவையில்லை என்று அந்த அத்தியாயத்திலேயே இருக்கிறது. அடுப்படிக்கும் கவுண்டருக்கும் வழிதானே வேறு? அந்த வழியை ஒரு சின்ன இன்டர்ஃபேஸாக எழுதி, ஒரே தரகரிடம் கொடுத்துவிடுங்கள். ஜாவாவில் ஒரு கிளாஸுக்கு ஒரே அப்பாதான். அந்த இடத்தை இப்போதே அடைத்துவிட்டால் பிறகு முழிக்க வேண்டியதுதான்.

செந்தூல்_அக்கா
புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு வந்தாச்சா. சரி, நானும் ஒண்ணு சொல்றேன். 2013இல் வந்த ஜாவா வெப்சாக்கெட் ஏபிஐயில் (அதுக்கான நிரல் வசதிகளில்) இணைப்பைக் கவனிக்கிற ‘எண்ட்பாயிண்ட்’ எப்படி இருக்கு? அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்! இணைப்பு திறந்ததும் என்ன செய்யணும்னு மட்டும் கட்டாயம் எழுதணும். மூடினா என்ன, பிழை வந்தா என்னங்கிறதெல்லாம் வெறும் உடம்போட முன்னாடியே இருக்கு, வேணும்னா மாத்திக்கலாம். மைக்ரோசாஃப்டோட இதே மாதிரி லைப்ரரியான சிக்னல்ஆர்ல, ஃபோன்களோட அழைப்பை வாங்குற ‘ஹப்’ கிளாஸும் அப்ஸ்ட்ராக்ட்தான். இவங்களுக்கெல்லாம் இன்டர்ஃபேஸ் தெரியாதா?

இன்னொண்ணு. இன்டர்ஃபேஸுக்குள்ளயே உடம்போட எழுதுற டீஃபால்ட் மெத்தட் 2014இல் ஜாவா 8ஓட வந்துச்சு, ஒத்துக்கிறேன். ஆனா ஆப்ஜெக்டுக்கு ஆப்ஜெக்ட் மாறுற ஃபீல்டு (தகவல் வைக்கிற இடம்) அதில் வைக்க முடியாது. இணைஞ்சிருக்கிறவங்க பட்டியல் எங்க போய் உக்காரும்?

பட்டர்வொர்த்வாசி
தனி கிளாஸில் உட்காரும், அக்கா. நீங்கள் காட்டிய இரண்டு உதாரணமும் எனக்குத்தான் சாட்சி சொல்கின்றன. எண்ட்பாயிண்டில் நாமாக மாற்றாதவரை ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் ஆப்ஜெக்ட். பட்டியலைச் சாதாரண ஃபீல்டாக அதற்குள் வைத்தால் ஒவ்வொரு ஃபோனும் தன்னை மட்டுமே பார்க்கும். ஹப்போ இன்னும் மோசம், ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகப் பிறந்து சாகிறது. ஆக, அப்பாவாக இருக்கிற அந்தக் கிளாஸ்கள் பட்டியலைத் தங்களிடம் வைத்துக்கொள்ளவே இல்லை.

கிள்ளான்_தம்பி
நடுவில் வர்றதுக்கு மன்னிக்கணும். நான் ஒரு தடவை அப்பா கிளாஸ் கன்ஸ்ட்ரக்டருக்குள்ளயே (ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடுற பகுதி) அப்ஸ்ட்ராக்ட் மெத்தடைக் கூப்பிட்டேன். ஜாவாவில் அந்த நேரத்துக்குப் பிள்ளையோட ஃபீல்டு ஒண்ணும் தயாராகியிருக்காது, என்னோடது நல் (காலி). ராத்திரி ரெண்டு மணிக்கு மாமாக் கடையில் மூணாவது தே தாரிக் குடிக்கும்போதுதான் புரிஞ்சுது. அவ்வளவுதான், நீங்க சண்டையைத் தொடருங்க.

இலைக்கடை_நிரலர்
சண்டை நடக்கும்போதே எனக்கு வேற வெடிச்சிருச்சு. நேத்து வெள்ளிக்கிழமை நடுப்பகல், சைவச் சாப்பாட்டுக் கூட்டம் வாசல் வரைக்கும். பரிமாறுற பையன் ஒருத்தன் அப்பளத் தகரம் எடுக்கப் பின்னாடி ஸ்டோருக்குள்ள போனான். அங்க வைஃபை எட்டாது. உடனே இல்லை, கொஞ்ச நேரம் கழிச்சு அடுப்படித் திரை ரெண்டும் அப்படியே நின்னு போச்சு. மேசை 14க்கு ரசம்னு காட்டுனது காட்டுனபடியே இருக்கு. சமையல்கார அண்ணன் கரண்டிக் காம்பால் திரையைத் தட்டிப் பார்க்கிறார். பையன் தகரத்தோட வெளியே வந்ததும் 11 ஆர்டர் ஒரே மூச்சில் கொட்டுச்சு. ஒரு ஃபோன் போனா எல்லாம் ஏன் நிக்கணும்?

செந்தூல்_அக்கா
‘எல்லாருக்கும் அனுப்பு’ உள்ள என்ன எழுதியிருக்கீங்க? லூப்பில் ஒவ்வொருத்தருக்கா, அனுப்பி முடியுற வரைக்கும் காத்திருக்கிற அழைப்பா? ஒரு செய்தி எவ்வளவு பெருசு?

இலைக்கடை_நிரலர்
ஆமா, காத்திருக்கிற அழைப்புதான். ஒரு இலை மாறினாலும் 60 மேசை நிலவரத்தையும் மொத்தமா அனுப்புறேன்.

செந்தூல்_அக்கா
அங்கதான் இருக்கு. ஸ்டோருக்குள்ள போன ஃபோன் “நான் போறேன்”னு சொல்லிட்டுப் போகலையே. சர்வரைப் பொறுத்தவரைக்கும் இணைப்பு இன்னும் உயிரோடதான் இருக்கு. அனுப்புறது எல்லாம் டிசிபி பஃபரில் (செய்தி காத்திருக்கிற தற்காலிக இடம்) சேருது. நீங்க மொத்த நிலவரத்தையும் தள்ளுறதால சீக்கிரம் நிறைஞ்சிடும். நிறைஞ்சதும் அடுத்த அனுப்பு அங்கேயே நிக்கும், லூப்பில் அதுக்குப் பின்னாடி இருக்கிற அடுப்படித் திரையும் நிக்கும்.

ஒவ்வொரு ஃபோனுக்கும் தனி வரிசை வைங்க, அதுக்கு ஒரு உச்ச அளவும் வைங்க. தரகர் வரிசையில் போட்டுட்டு நகர்ந்துடணும், அனுப்புற வேலை வேற திரெட்டுக்கு (பக்கத்தில் தனியா ஓடுற வேலைத் தடம்). உச்சம் தாண்டினா இணைப்பை வெட்டிடுங்க. 2011இல் வந்த வெப்சாக்கெட் தரத்திலேயே பிங் (“இருக்கியா?”), பாங் (“இருக்கேன்”) இருக்கு. சில விநாடிக்கு ஒரு தடவை பிங் விடுங்க, பாங் வரலைன்னா ஆள் இல்லை.

பட்டர்வொர்த்வாசி
அக்கா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பில் இதே சிக்கலை எப்படித் தீர்த்திருக்கிறார்கள் பாருங்கள். வெப்சாக்கெட் செஷனை, அதாவது ஒரு இணைப்பை, சுற்றி ஓர் உறை. நேர வரம்பு, பஃபர் வரம்பு இரண்டும் அந்த உறைக்குள். தாண்டினால் செஷனை மூடிவிடும். அதைப் பயன்படுத்த நம் கிளாஸுக்குப் பரம்பரையே வேண்டாம்!

செந்தூல்_அக்கா
உறை நல்லதுதான், அதை மறுக்கலை. ஆனா இலைக்கடைத் தம்பி மாத்தப் போறது அப்பா கிளாஸில் ஒரே மெத்தட். பிள்ளைங்க ரெண்டையும் தொடவே வேணாம். அதுக்குத்தான் பொதுவானதை மேலே வைக்கிறது.

பட்டர்வொர்த்வாசி
தனி கிளாஸில் வைத்திருந்தாலும் ஒரே இடம்தான் லா.

இலைக்கடை_நிரலர்
ரெண்டு பேரும் கோவிச்சுக்காதீங்க. அப்பா கிளாஸை எடுக்கலை, ஆனா வரிசையைத் தனி உறையா எழுதிட்டேன். பகல் 3 மணிக்குக் கடை ஓய்ஞ்சதும் அதே பையன்கிட்ட ஃபோனைக் கொடுத்து ஸ்டோருக்குள்ள நிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அவன் இணைப்பு வெட்டுப்பட்டுச்சு, திரை ரெண்டும் ஓடிக்கிட்டே இருந்துச்சு. ஆனா வெளியே வந்தப்போ அவன் ஃபோனில் பழைய நிலவரம்தான். நடுவில் போன செய்தியெல்லாம் போனதுதானா?

செந்தூல்_அக்கா
இப்ப எடுங்க அந்த 60 மேசை நிலவரத்தை. திரும்பிச் சேரும்போது மட்டும் ஒரு தடவை முழுசா கொடுங்க. மத்த நேரத்தில் மாறினது மட்டும் போதும், ஒவ்வொண்ணுக்கும் வரிசை எண் போட்டு.

பட்டர்வொர்த்வாசி
அந்த ‘சேர்’ மெத்தட் அப்பாவிடமா, பிள்ளையிடமா?

கிள்ளான்_தம்பி
ஐயோ, மறுபடியுமா!